ஆயுத பூஜையன்று துரைக்கு வந்த மயக்கம்

கெமிஸ்ட்ரி படித்த பெண்ணை மருமகளாகக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவளுக்குத் தண்ணீரைச் சும்மா பார்க்கத் தெரியாது. மற்றவர்கள் தாகம் எடுத்தால் குடிப்பார்கள், அழுக்கானால் குளிப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் மட்டும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதற்குள் என்னென்ன கரைந்திருக்கும் என்று யோசிப்போம். யோசிப்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, அதைத் திருத்தவும் கிளம்பிவிடுவோம்.

நான் திருத்தக் கிளம்பியது என் மாமனாரின் மீன் தொட்டியை. அப்போது என் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்கியிருக்கவில்லை.

என் சொந்த ஊர் கோவில்பட்டி. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மதில் எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், பட்டம் வாங்கிய சூட்டோடு பஸ் ஏறி வந்தவள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, கார்களுக்கு இரும்புச் சட்டங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சட்டங்களை வரிசையாகப் பல ரசாயனத் தொட்டிகளில் முக்கி எடுப்பார்கள். ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் அந்தத் தொட்டிகளின் தண்ணீரைச் சோதித்து, அளவு குறைந்தால் ஏற்றி, கூடினால் இறக்கி, "சரி" என்று சொல்வது என் வேலை. நான் சரி என்று சொல்லாமல் லைன் ஓடாது. (கோவில்பட்டியில் என் பேச்சைக் கேட்டு எங்கள் வீட்டுக் கோழிகூட ஓடியதில்லை.) அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காலையில் எழுந்து கம்பெனி பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பேன். இந்தப் பெருமையை நான் வெளியே காட்டிக்கொள்வதில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். காட்டிக்கொண்டுதான் இருந்தேனாம், என் கணவர் சொல்கிறார்.

கணவர் பாபு, மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வல்லக்கோட்டைக்காரர். பஸ் நிறுத்தத்தில் பழகி, முருகன் கோயிலில் பேசி, இரு வீட்டிலும் அழுது, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினோம். சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டு மாற்றிய கையோடு என் மாமியார் சரோஜா சொன்னார்:

"தல தீவாளி வரைக்கும் வேலைக்குப் போவட்டும். அப்பால வூட்டப் பாத்துகினு இருக்கட்டும்."

என் அப்பா தலையாட்டினார். பாபு தரையைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். தீபாவளி அப்போது தொலைவில் இருந்தது. அதற்குள் என் படிப்பும் வேலையும் இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு அவசியம் என்று நிரூபித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. எப்படி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை. வீட்டில் பெயின்ட் அடிக்க வேண்டிய இரும்புச் சட்டம் எதுவும் இல்லை.

வீட்டில் இருந்தது துரை.

துரை ஒரு ஃபிளவர் ஹார்ன் மீன். சிவப்பும் ஆரஞ்சும் கலந்த உடம்பு, பக்கவாட்டில் மை தெளித்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள், நெற்றிக்கு மேலே கொழுக்கட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. வாஸ்து மீன் என்று சொல்லி அந்த நாட்களில் ஆளாளுக்கு வாங்கி வைத்தார்கள். என் மாமனார் கன்னியப்பனுக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் டீக்கடை. எதிரே முதல் கம்பெனி வந்தபோதுதான் அவர் துரையையும் வாங்கினார். அதன்பிறகு ஷிப்டு விட்டால் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். கூட்டத்துக்குக் காரணம் கம்பெனி என்று நாங்கள் நினைத்தோம், அவர் துரை என்று நினைத்தார்.

"விடிய நாலு மணிக்குப் பால் காச்சறது நானு. பேரு வாங்கினு போறது மீனு" என்பார் மாமியார். ஆனாலும் துரையை அவரும் மரியாதையோடுதான் பேசுவார். 'தொர சாப்ட்டாரா', 'தொர தூங்கறாரு' என்றுதான் வீட்டில் பேச்சு. மாமனார் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் தொட்டிக் கண்ணாடியில் விரலை வைப்பார். விரல் போகும் பக்கமெல்லாம் துரை போகும். பாபுவைக்கூட அவர் அப்படி அருகில் போய் விசாரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு லீவு நாளில் துரைக்குத் தீனி போடும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். (டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பதும் கெமிஸ்ட்ரிக்காரர்களின் வியாதிதான்.) மீன் வளர்க்கும் தண்ணீரின் பிஹெச் ஆறரையிலிருந்து ஏழரைக்குள் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. பிஹெச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் அளவு. ஏழு என்றால் நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். என்னிடம் சொந்தமாக ஒரு சின்னப் புத்தகம் போன்ற பிஹெச் பேப்பர் இருந்தது. ஒரு தாளைக் கிழித்துத் தொட்டியில் நனைத்தேன். தாள் கரும்பச்சையாகி நீலத்தை எட்டிப் பார்த்தது. எட்டுக்கும் மேல்.

எனக்குக் கை கால் பரபரத்தது. கம்பெனியில் இப்படி ஒரு அளவு வந்தால் அலறுவோம். இத்தனை நாளாக ஒரு ஜீவன் வரம்பு மீறிய தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கிறது, கேட்பாரில்லை! நேராகப் போய் மாமனாரிடம் சொன்னேன்.

"மாமா, துரையோட தண்ணி சரியில்ல."

"இன்னாமா சரியில்ல? முந்தாநேத்து தான பாபு பாதித் தண்ணி மாத்துனான்."

"அழுக்கு இல்ல மாமா. ரீடிங் கூடிப்போச்சு. ஏழுல இருக்கணும், எட்டத் தாண்டிருச்சு."

அவர் துரையைப் பார்த்தார். துரை அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. "நல்லாத்தானமா கீது?"

"இப்ப நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா ரீடிங் நல்லா இல்லையே."

அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "மீனு நல்லா கீது, ரீடிங்குதான் நல்லால்லன்னா, ரீடிங்குக்கு மருந்து குடு."

இன்றைக்கு நினைத்தாலும் அதைவிடச் சரியான ஆலோசனையை எந்த நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு அது கேலியாகத்தான் பட்டது. படிக்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று (மனசுக்குள், பெருந்தன்மையாக) மன்னித்துவிட்டேன்.

அளவை இறக்க அமிலம் வேண்டும். எலுமிச்சம்பழம் கேட்டேன். ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்த வாரம் அது. ஒரகடத்தில் இருக்கிற லாரி, பஸ், பைக் அத்தனைக்கும் டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்தாக வேண்டும். "பூஜைக்கு எடுத்து வெச்சத மீனுக்குப் பிழிஞ்சேன்னா பாரு" என்று மாமியார் பழக்கூடையை அலமாரிக்குள் வைத்துவிட்டார். மளிகைக் கடைக்குப் போய் எலுமிச்சை உப்பு வாங்கினேன். வெள்ளைக் கற்கண்டு போல இருக்கும். ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் புளிப்புக் கூட்டப் போடுவது, சுத்தமான சிட்ரிக் அமிலம். கொஞ்சம் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். தாளை நனைத்தேன். ஏழு!

துரை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பாராட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஆசையோடு இன்னொரு தாளை நனைத்தால் மறுபடியும் எட்டு. எனக்கு அவமானமாகிவிட்டது. கம்பெனியில் ஒரு தொட்டிகூட என் பேச்சை இப்படி மீறியதில்லை. இன்னும் கொஞ்சம் உப்பு போட்டேன். ஏழுக்கு இறங்கியது. விடிந்தால் எட்டு. இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். ஏழு. விடிந்தால், கொஞ்சம் தயங்கினாற்போல, மறுபடியும் எட்டு.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. மாமனாரின் டீக்கடை பாய்லரில் மாதா மாதம் சுண்ணாம்புப் பொருக்கைச் சுரண்டி எடுப்பார்கள். அந்தத் தண்ணீருக்குள் கரைந்திருக்கும் உப்புகள், நாம் போடும் அமிலத்தை விழுங்கிவிட, தண்ணீர் தன் பழைய அளவுக்கே திரும்பி வரும். விழுங்கும்போது கரியமில வாயுவை வெளியே விடும். அந்த வாயுதான் துரையை மேலே வந்து வாயைத் திறக்க வைத்தது. அந்த உப்புகள் தீர்ந்துபோகும் வரைதான் இந்த விளையாட்டு. தீர்ந்துவிட்டால் அடுத்து விழும் அமிலத்தைத் தடுக்க ஆளில்லாமல் அளவு தடாலென்று விழுந்துவிடும். இது அத்தனையும் எனக்குத் தெரியும். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பரீட்சையில் எழுதியதை வீட்டு ஹாலில் உபயோகிக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் முந்தின நாளே பூஜை போட்டுப் பொரியும் இனிப்பும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லீவு. காலையில் வீடே அமளியாக இருந்தது. கடையிலிருந்து பாய்லரைக் கழுவிக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். அதன் பக்கத்தில் டீ வடிகட்டி, வடை எடுக்கும் ஜல்லிக்கரண்டி, அரிவாள்மனை, பாபுவின் ஸ்பேனர்கள். துரையின் தொட்டிக்கும் மாமனார் ஒரு மாலை போட்டார். தொட்டி பெரிதாக இருந்ததால் இடத்தை விட்டு நகர்த்தவில்லை, அவ்வளவுதான்.

அப்போது மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஒன் ஆயுதம் எங்கமா?"

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. ஓடிப்போய் என் பிஹெச் பேப்பரையும், ஒரு கண்ணாடி அளவுக் குழாயையும் எடுத்து வந்தேன். பாய்லருக்கும் ஜல்லிக்கரண்டிக்கும் நடுவில் இடம் ஒதுக்கி வைத்தார்கள். மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "இந்தக் காயிதத்துக்குப் பொட்டு எங்கடி வெக்கிறது?" என்று கேட்டு, அட்டையின் நட்ட நடுவில் வைத்தார். என் ஆயுதத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் பொட்டு அது. எனக்கு அன்றைக்கு ஒரு சாண் உயரம் கூடியது நிஜம்.

அந்த உயரத்தில்தான் தலை சுற்றியது. இத்தனை மரியாதை கொடுத்துவிட்டார்கள், நல்ல நாளும் அதுவுமாகத் துரையின் தண்ணீர் எட்டில் இருக்கலாமா? விழுங்கி விழுங்கித் திரும்பி வருகிறதே, இன்றைக்குத் திரும்பவே முடியாதபடிப் போட்டுவிடுவோம் என்று, எலுமிச்சை உப்பைத் தாராளமாக அள்ளிக் கரைத்து ஊற்றினேன். சோதித்துப் பார்க்கலாம் என்று திரும்பினால் பேப்பர் பூஜையில் இருந்தது. கற்பூரமும் காட்டியாகிவிட்டது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். நடுவில் தொடக்கூடாது. பாபு ஒரு நட்டு முடுக்கக்கூட ஸ்பேனரை எடுக்கமாட்டார். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வடை சுடப் போய்விட்டேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். ஹாலிலிருந்து மாமனாரின் குரல் கிழிந்தது.

"சரோஜா! தொர படுத்துட்டார்!"

ஓடினோம். துரை தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. சிவப்பெல்லாம் வெளுத்து, புடைப்பு சுருங்கி, செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மாமனார் கண்ணாடியில் விரலை வைத்தார். துரை திரும்பவில்லை. விரலை மறுபக்கம் நகர்த்தினார். திரும்பவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்கு ஓடினேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது. உப்புகள் தீர்ந்துவிட்டன. அளவு விழுந்துவிட்டது. இந்த இடத்தில் நிதானமாக யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியில் முடிந்திருக்கும். ஆனால் கம்பெனியில் எனக்குள் ஊறிப்போன பாடம் ஒன்றே ஒன்று: லைன் நிற்கக்கூடாது, அளவை உடனே வரம்புக்குள் கொண்டுவா. ஆப்பசோடா டப்பாவை எடுத்து வந்து, கரண்டி கரண்டியாகத் தொட்டியில் கொட்டினேன்.

தண்ணீருக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. துரை ஒரு தடவை துள்ளியது. பிறகு அடிவயிறு மேலே தெரியப் புரண்டது. அதே நொடியில் கரண்ட் போனது. தொட்டிக்குள் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டிருந்த குழாயும் நின்றது.

"இன்னாடி போட்ட?" என்றார் மாமியார்.

"ஆப்பசோடா அத்தை."

"அதுக்கு முன்னாடி?"

"எலுமிச்ச உப்பு."

அவர் டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். என் வேலை போய்விட்டது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். தீபாவளி வரைக்கும்கூடத் தேறாது. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது, நான் செய்த தப்பு எது என்று. கம்பெனியில் நாங்கள் தொட்டியை முதலில் சரிசெய்வோம். அளவு ஏறினாலும் இறங்கினாலும், குதித்தாலும் கொந்தளித்தாலும், அது சரியான பிறகுதான் சட்டத்தை உள்ளே இறக்குவோம். இங்கே சட்டம் முதல் நாளிலிருந்தே உள்ளே நீந்திக்கொண்டிருந்தது. நான் ஒரு வாரமாக அளவை மேலும் கீழும் ஆட்டிய ஒவ்வொரு ஆட்டமும் அதன் உடம்புக்குள் நடந்திருக்கிறது.

அது உறைத்ததும், எப்படியோ, மண்டை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அழுது புலம்ப வேண்டிய நேரத்தில் எனக்கு ஷிப்டு இன்சார்ஜ் குரல் வந்துவிட்டது.

"மாமா, தண்ணிக்குள்ள கேஸ் நெறைஞ்சுபோச்சு. அது வெளியேறணும். காத்து உள்ள போகணும். கரண்ட் வர்ற வரைக்கும் தண்ணிய ஆத்தணும் மாமா."

கண்ணீரோடு குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். "ஆத்தணுமா?"

"ஆமா மாமா. ஒசரத்துல இருந்து."

இருபது வருஷம் டீ ஆற்றிய கை அது. வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு பெரிய குவளைகளை எடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கையை முழங்காலுக்குக் கீழே இறக்கி, கம்பி போல ஆற்றித் திரும்ப ஊற்றினார். ஒரு சொட்டு தரையில் விழவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடையில் கூட்டத்துக்கு நடுவே எத்தனையோ தடவை அவர் ஆற்றிப் பார்த்திருக்கிறேன், இப்படி ஆற்றி அன்றுதான் பார்த்தேன்.

"ஏங்க, மெடிக்கல் ஷாப்புக்குப் போயி டிரிப் ஏத்துற டியூப் ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன், சீக்கிரம்" என்று பாபுவை விரட்டினேன். போர்வெல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் சேர்க்க வேண்டும். இனி எதையும் ஒரேயடியாக ஊற்றக்கூடாது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. இப்போது அளவு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் சொட்டு விட முடியாது. அதற்குப் பேப்பர் வேண்டும். நான் சாமி படத்தின் பக்கம் பார்த்தேன். பிறகு மாமியாரைப் பார்த்தேன். வாயைத் திறந்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமியார் விறுவிறுவென்று போய், பாய்லருக்கும் ஜல்லிக்கரண்டிக்கும் நடுவிலிருந்து பேப்பரை எடுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் கையில் வைத்தார்.

"அத்தை, பூஜைல வச்சது..."

"ஆயுதம்னு சொல்லித்தான வெச்ச? வேண்டிய நேரத்துல எடுக்காட்டி அது இன்னாத்துக்கு ஆயுதம்? புடி."

அட்டையில் சந்தனப் பொட்டு ஈரமாக இருந்தது. தாளைக் கிழித்து நனைத்தேன். அளவு தாறுமாறாக இருந்தது, ஆனால் கையை மீறிப் போகவில்லை.

பாபு டியூபோடு வந்தார். மருந்துக் கடைக்காரர் நோயாளிக்கு என்ன என்று கேட்டாராம். மயக்கம் என்றாராம் இவர். வயசு என்ன என்று கேட்டாராம். தெரியாது, அப்பாவுக்கு ரொம்ப வேண்டியவர் என்றாராம். கடைக்காரர் பதறிப்போய்க் காசைக்கூட அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டாராம்.

காலண்டர் மாட்டும் ஆணியில் தண்ணீர் நிரப்பிய வாளியைத் தொங்கவிட்டு, டியூபை இறக்கி, துரைக்கு டிரிப் ஏற்றினேன். சொட்டு வேகத்தைத் திருகிச் சரி செய்வது நான். ஆற்றுவது மாமனார். அவர் கை ஓய்ந்தால் பாபு. வாளியில் தண்ணீர் தீரத் தீர நிரப்புவது மாமியார். அவ்வப்போது தாளை நனைத்து, "கொஞ்சம் நிறுத்துங்க", "இப்ப ஆத்துங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் சொன்னபடி எல்லோரும் செய்தார்கள். எனக்கு அத்தனை பயத்துக்கு நடுவிலும், மனசின் ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இதற்குள் கன்னியப்பன் வீட்டில் யாருக்கோ டிரிப் ஏறுகிறது என்று தெருவில் செய்தி பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். எதிர் வீட்டிலிருந்து சாத்துக்குடி வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உள்ளே வந்து, "யாருக்கு முடியல?" என்று மெல்லிய குரலில் கேட்டவர்களுக்கெல்லாம், மாமனார் ஆற்றுவதை நிறுத்தாமல் தாடையால் தொட்டியைக் காட்டினார். வந்தவர்கள் சிரிப்பதா, உட்கார்ந்து ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் திண்டாடினார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "வயசான காலத்துல நீங்க ஒடம்பப் பாத்துக்கோங்கண்ணா" என்று ஹார்லிக்ஸை மாமனாரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

வாசலில் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கரண்ட் வந்தது. காற்றுக் குழாய் குமிழி விட்டது. துரை மெல்ல அசைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து நின்றது. மாமனார் விரலைக் கண்ணாடியில் வைத்தார். துரை விரலைப் பார்த்து வந்தது. ரொம்ப மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது.

அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நானும் அழுதேன். மாமியார், "ரெண்டு பேரும் இப்டியே அழுதுகினு இருந்தா யாரு ஹாலத் தொடைக்கிறது?" என்று துணியை எடுத்து வந்தார்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்து ஆயுதங்களை எடுத்தோம். துரை தீனி தின்றது. மாமியார் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தார். வரப்போவது என்ன என்று தெரிந்து, நான் ராத்திரியே மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். கம்பெனியில் யாரிடம் எப்படிச் சொல்வது என்பதுவரை.

"தல தீவாளிக்கு அப்பறம் வேலையவுட்டு நின்னுடணும்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா அத்தை."

"அது வேணாம். நீ வேலைக்குப் போ."

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. என் திறமையைப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று கண் கலங்கி, காலில் விழக் குனிந்தேன்.

"லீவு நாளுல வூட்ல இருந்ததுக்கே தொரைக்கு டிரிப் ஏத்தும்படியா போச்சு. தெனம் வூட்ல இருந்தன்னா எங்களுக்கும் ஏத்தணும். நீ கம்பெனிலயே இரு தாயீ."

"ஓ.டி. குடுத்தாகூட வேணாம்னு சொல்லிடாதமா" என்றார் மாமனார்.

பாபு சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். நான் பாதி குனிந்த நிலையில் அப்படியே நின்றேன். பிறகு முழுசாகக் குனிந்து காலில் விழுந்துவிட்டேன். எப்படிக் கிடைத்தால் என்ன, கிடைத்தது கிடைத்ததுதானே?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதன்பிறகு என் மாமியார் தெருவில் இந்தக் கதையைச் சொன்ன விதமே வேறு. "எம் மருமவ கெமிஸ்ட்டு. செத்துப்போன மீனுக்கு டிரிப் ஏத்திப் பொழைக்க வெச்சவ" என்பார். சாகடிக்கப் பார்த்தது யார் என்ற பகுதி அவர் கதையில் வராது. ஒரு தடவை யாரோ, "ஆமா, அதுக்கு எப்டி முடியாமப் போச்சு?" என்று கேட்டதற்கு, "பருவ மாத்தம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். வந்து என்னைப் பார்த்து முறைத்தார்.

துரை அதற்குப் பிறகும் பல காலம் எட்டுக்கு மேற்பட்ட தண்ணீரில் ராஜாவாக வாழ்ந்தது. நான் இப்போது அதே கம்பெனியில் லேபுக்கே பொறுப்பாளர். புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: தாளைப் பார்ப்பதற்கு முன்னால், உள்ளே என்ன நீந்துகிறது என்று பார். அவர்களுக்கு அது எதற்கு என்று புரிவதில்லை. இரும்புச் சட்டம் நீந்தாது என்று ஒருத்தி திருத்தக்கூடச் செய்தாள்.

வீட்டில் இன்றைக்கும் நான் லீவு என்று சொன்னால் போதும், மாமியார் எழுந்து போய் ஆப்பசோடா டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுவார். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் என் மகள்.

அவள் சின்ன வகுப்பில் படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். யூனிஃபார்மோடு, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக. டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகளிடம் கொஞ்சலாகக் கேட்டார்: "அப்பாவும் வேலைக்குப் போறாங்க, தாத்தாவும் கடை வச்சிருக்காங்க. அம்மா ஏன் கண்ணா வேலைக்குப் போறாங்க?"

"எங்கம்மா வீட்ல இருந்தா மீன் செத்துடும் மிஸ்" என்றாள் மகள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் அதற்கு மேல் ஒரு கேள்வி வந்திருக்கும்.